அடுத்தவர் ஆலையும் தன் வயலும்

ஐயா, வணக்கம்.

இங்கிலாந்தின் தொழிற்சாலைச் சட்டங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவை மிகவும் உயர்த்தி எழுதியிருந்தீர்கள். ஆலையிலிருந்தும் சுரங்கத்திலிருந்தும் குழந்தைகளை மீட்டவர் என்றீர்கள். பல வருடங்களாகத் தொழிற்சங்கத்தில் இருக்கும் எனக்கு அதை அப்படியே ஏற்க முடியவில்லை. அவர் ஒரு நிலப்பிரபு. தானியச் சட்டங்களை ஒட்டி நிலப்பிரபுக்களுக்கும் ஆலை முதலாளிகளுக்கும் அப்போது பெரிய சண்டை நடந்தது. எதிராளியின் ஆலையில் குழந்தைகள் வதைபடுகிறார்கள் என்று கண்ணீர் விடுவது சுலபம். அவருடைய சொந்த டார்செட் மாவட்டத்து விவசாயக் கூலிகளின் அற்பக் கூலியைக் காட்டி மார்க்ஸே அவரைச் சாடியிருக்கிறார். தொழிலாளிக்கு ஓட்டுரிமை கிடைப்பதையும் இவர் விரும்பவில்லை. இவரைத் தொழிலாளர்களின் நண்பர் என்று சொல்லலாமா? தன் வர்க்கத்துக்காகச் செய்த அரசியல்தானே இது?

க.

அன்புள்ள க.,

இதே கேள்வியை 1844 மார்ச்சில் மக்களவையில் அவர் முகத்துக்கு நேராகவே ஒருவர் கேட்டார். கேட்டவர் ஜான் பிரைட். ராச்டேல் ஊரில் பஞ்சாலை வைத்திருந்த குடும்பம், தானியச் சட்ட எதிர்ப்பின் பெரிய பேச்சாளர். ஆலைகளைப் பற்றி இவ்வளவு பேசும் பிரபு, தன்னைத் தேர்ந்தெடுத்த டார்செட்டின் விவசாயக் கூலிகள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்தாரா என்று பிரைட் தாக்கினார். கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலும் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலில் அவருக்குச் சாதகமான பகுதியும் உண்டு, அவரை விட்டுக்கொடுக்கவே வேண்டிய பகுதியும் உண்டு.

முதலில் ஆளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டனி ஆஷ்லி கூப்பர், 1801இல் லண்டனில் பிறந்தவர். டார்செட்டில் விம்போர்ன் செயின்ட் கைல்ஸ் என்ற கிராமத்தில் குடும்பத்தின் பண்ணையும் மாளிகையும் இருந்தன. தந்தை ஆறாவது ஷாஃப்ட்ஸ்பரி ஏர்ல்; ஏர்ல் என்பது பரம்பரைப் பிரபுப் பட்டம். தாய் மார்ல்பரோ டியூக்கின் மகள். இருவருமே பிள்ளைகளிடம் கொஞ்சமும் ஒட்டாதவர்கள். குழந்தையிடம் அன்பு காட்டி, ஜெபம் சொல்லிக்கொடுத்தது மரியா மில்லிஸ் என்ற வீட்டுப் பணிப்பெண். அவர் சாகும்போது தன் தங்கக் கடிகாரத்தைப் பையனுக்கு விட்டுச்சென்றார். அவரிடமிருந்து வந்த அந்தத் தீவிரமான சுவிசேஷக் கிறிஸ்தவ நம்பிக்கைதான் கடைசிவரை அவரை ஓட்டியது. ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, 1826இல் தாய்வழி உறவின் செல்வாக்கில் உட்ஸ்டாக் தொகுதி உறுப்பினரானார். தந்தை 1851இல் இறக்கும்வரை அவர் பெயர் ஆஷ்லி பிரபு, மக்களவை உறுப்பினர். அதன்பின் ஏழாவது ஷாஃப்ட்ஸ்பரி ஏர்ல், பிரபுக்கள் சபை உறுப்பினர். 1885 அக்டோபரில் இறந்தார்.

இந்த 1851 என்ற வருடத்தைக் கவனியுங்கள். பிரைட் கேள்வி கேட்டபோது அந்தப் பண்ணையில் ஒரு ஏக்கர்கூட ஆஷ்லியின் கையில் இல்லை. எல்லாம் தந்தையின் பிடியில். இருவருக்கும் பேச்சுவார்த்தையே பல வருடங்கள் சரியாக இல்லை. இன்னொன்று, பிரைட் கேட்பதற்குச் சில மாதங்கள் முன்னால், 1843 நவம்பரில், டார்செட்டின் ஸ்டர்மின்ஸ்டரில் நடந்த ஒரு விவசாயச் சங்க விருந்தில் ஆஷ்லி எழுந்து, கூலிக்காரர்களின் வீடும் கூலியும் எவ்வளவு கேவலமாக இருக்கின்றன என்று நிலக்காரர்கள் முகத்துக்கு நேரே பேசியிருந்தார். அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான் அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள். தந்தைக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை, மறுபடி பகை மூண்டது.

அடுத்து, உங்கள் வாதத்தின் மையமான தானியச் சட்டம். வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்டு உள்நாட்டு நிலக்காரனின் விலையைக் காப்பாற்றிய சட்டம் அது. நிலப்பிரபுக்களின் உயிர்நாடி. 1845இன் கடைசியில், அந்தச் சட்டம் இனி நிற்காது, நிற்கவும் கூடாது என்ற முடிவுக்கு ஆஷ்லி வந்துவிட்டார். ஆனால் டார்செட் வாக்காளர்கள் அந்தச் சட்டத்தைக் காப்பார் என்று நம்பித்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். அவர்கள் தந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவர்களுக்கு எதிராக ஓட்டுப் போடக் கூடாது என்று 1846 ஜனவரியில் பதவியை விட்டார். ஆலையில் பெண்களும் இளைஞர்களும் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற பத்து மணி நேர மசோதாவை அவர் மீண்டும் கொண்டுவந்திருந்த நேரம் அது. பதின்மூன்று வருடப் போராட்டத்தின் கடைசிக் கட்டத்தில் தானே வெளியே போய்விட்டார். 1847இல் அந்தச் சட்டத்தை மக்களவையில் நிறைவேற்றிக் கொடுத்தவர் ஜான் ஃபீல்டன். அவர் ஆலை முதலாளி! டாட்மோர்டனில் பெரிய பஞ்சாலைகள் வைத்திருந்தவர். ஆக, நிலக்காரர் ஒருவர் நிலக்காரர்களின் சட்டத்தைக் கைவிட்டார், ஆலைக்காரர் ஒருவர் ஆலைகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தார். அவையில் ஓட்டுப் போட்ட பலர் வர்க்கக் கோபத்தில் போட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தச் சட்டத்துக்காக வருடக்கணக்கில் உழைத்த இந்த இருவருக்கும் உங்கள் சூத்திரம் பொருந்தவில்லை.

சுரங்க விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியமான சாட்சி. நிலக்கரிச் சுரங்கம் யாருடையது? நிலத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் நிலத்துக்காரனுடையது. டர்ஹாமில் லண்டன்டெரி பிரபு போன்றவர்கள் சொந்தமாகவே சுரங்கம் நடத்தினார்கள். மற்ற பிரபுக்கள் தோண்ட விட்டு ராயல்டி வாங்கினார்கள். 1840இல் ஆஷ்லி கேட்டுக்கொண்டதன்பேரில் குழந்தைத் தொழிலாளர் பற்றிய அரச விசாரணைக் குழு அமைந்தது. 1842 மே மாதத்தில் அதன் முதல் அறிக்கை வெளியானது, படங்களோடு. ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் இருட்டில் தனியாக உட்கார்ந்து, வண்டி வரும்போதெல்லாம் காற்றுக் கதவைத் திறந்து மூடினார்கள். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். இடுப்பில் தோல்வாரும் காலிடையே சங்கிலியும் கட்டிக்கொண்டு, குனிந்து தவழ்ந்து நிலக்கரி வண்டியை இழுத்த சிறுவர் சிறுமியர். ஸ்காட்லாந்தில் முதுகில் கரி மூட்டையோடு ஏணி ஏறிய பெண்கள். நான்கு வருடம் முன்னால்தான், 1838 ஜூலையில், யார்க்‌ஷயரின் சில்க்ஸ்டோன் அருகே ஹஸ்கர் சுரங்கத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 26 பிள்ளைகள் இறந்திருந்தார்கள்.

1842 ஜூன் 7 அன்று ஆஷ்லி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பேசினார். அலங்காரம் எதுவும் இல்லாத பேச்சு. அறிக்கையிலிருந்து சாட்சியங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போனார். பேசி முடித்ததும், அவரைப் பலமுறை எதிர்த்த, தானியச் சட்ட எதிர்ப்பின் தலைவர் ரிச்சர்ட் காப்டன் எழுந்துவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். மக்களவையில் எளிதாக நிறைவேறிய மசோதாவை எங்கே வெட்டினார்கள் தெரியுமா? பிரபுக்கள் சபையில். அவருடைய சொந்த வர்க்கத்தின் அவையில்! லண்டன்டெரி பிரபு முன்னின்று எதிர்த்தார். பதின்மூன்று வயதுக்குட்பட்ட பையன்கள் சுரங்கத்துக்குள் போகக் கூடாது என்று ஆஷ்லி கேட்டிருந்தார், அது பத்து வயதாகக் குறைந்தது. பெண்களுக்குச் சுரங்கத்துக்குள் வேலையே கூடாது என்பது மட்டும் நிலைத்தது. அந்தச் சட்டத்தால் நஷ்டம் அடைந்தவர்கள் ராச்டேல் நெசவு முதலாளிகள் அல்லர், ஆஷ்லியோடு விருந்துண்ட பிரபுக்கள்.

புகைபோக்கிச் சிறுவர்களின் கதையும் இப்படித்தான். பெரிய மாளிகைகளின் வளைந்து நெளிந்த புகைபோக்கிகளுக்குள் சின்னப் பையன்களை ஏற்றிச் சுத்தம் செய்வார்கள். முழங்காலும் முழங்கையும் தேய்ந்து புண்ணாகும், மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டிச் சாவார்கள். 1840இலேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டத்தை அமல்படுத்த வேண்டிய மாஜிஸ்ட்ரேட்டுகளே அந்த மாளிகைகளின் சொந்தக்காரர்கள். 1850களில் அவர் கொண்டுவந்த மசோதாக்கள் பிழைக்கவில்லை. 1864இல் ஒரு சட்டம் வந்தது, அதையும் யாரும் மதிக்கவில்லை. 1875இல் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மருத்துவமனைப் புகைபோக்கியில் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் இறந்த பிறகுதான், போலீஸிடம் உரிமம் வாங்காமல் யாரும் இந்தத் தொழில் செய்யக் கூடாது என்ற சட்டம் நிறைவேறியது. அப்போது அவருக்கு 74 வயது. இத்தனை வருடம் ஒருவர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். இதில் எந்த ஆலை முதலாளியைப் பழிவாங்கினார்?

சரி, 1851இல் அவரே பண்ணைக்கு உரிமையாளர் ஆனார். அப்போது என்ன செய்தார் என்பதுதான் உங்கள் கேள்வியின் கூர்மையான இடம். அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். மாளிகைக்கு வந்தவர் முதலில் கூலிக்காரர்களின் குடிசைகளைப் போய்ப் பார்த்தார். அழுக்கும் நெருக்கடியுமாக, ஆணும் பெண்ணும் ஒரே அறையில் படுக்கும் நிலை. லண்டன் சேரிகளில் அவர் எதைக் கண்டு கொதித்தாரோ அதுவே தன் நிலத்தில் இருந்தது. நாட்குறிப்பில் மனம் வெந்து எழுதினார். ஆனால் தந்தை விட்டுச்சென்ற கடன் ஒரு பக்கம், அவருடைய பழைய கடன் ஒரு பக்கம். அந்தப் பழைய கடனில் பெரும்பகுதி 1831 டார்செட் இடைத்தேர்தலில் வந்தது. அந்த ஒரு தேர்தலுக்கு 15,600 பவுன் செலவு, அதில் பெரும்பங்கு வாக்காளர்களுக்குச் சத்திரங்களிலும் மதுக்கடைகளிலும் கொடுத்த விருந்துக்கு! தேர்தல் சீர்திருத்தத்தை எதிர்த்து நின்ற வேட்பாளர் அவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கி வீடுகள் கட்டினார், பாழடைந்தவற்றைச் செப்பனிட்டார். கூலியின் ஒரு பகுதியைப் பணமாகத் தராமல் பொருளாகத் தரும் வழக்கத்தைக் குத்தகைதாரர்கள் கைவிட வேண்டும் என்றார். மாலைப் பள்ளி வைத்தார். இடையில் பண்ணையை நிர்வகித்த ஆள் பணத்தைக் கையாடியதாக வழக்குகள், 1860களில் அவருடைய நிம்மதியைத் தின்றன. மொத்தத்தில் முன்பு இருந்ததைவிட நல்ல நிலக்காரர். ஆனால் டார்செட் கூலி இங்கிலாந்திலேயே மிகக் குறைந்த கூலிகளில் ஒன்றாகவே நீடித்தது, அவர் நிலத்தைச் சுற்றி அது மாயமாக உயர்ந்துவிடவில்லை. வயல்களில் பிள்ளைகளையும் பெண்களையும் கும்பலாக ஓட்டிச்சென்று வேலை வாங்கும் கங்காணி முறை கிழக்கு மாவட்டங்களில் இருந்தது. அதை விசாரிக்க வேண்டும் என்று 1865இல் பிரபுக்கள் சபையில் கேட்டவர் அவர்தான். அதன் பலனாக 1867இல் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அந்தக் கும்பல்களில் சேர்க்கத் தடை வந்தது. நிலக்காரர்களின் அவையில் வயலைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்பதை மறுக்க முடியாது.

எனவே அவருடைய நோக்கத்தைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. நம் நாட்டோடும் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. 1875இலும் 1879இலும் பிரபுக்கள் சபையில் இந்தியப் பஞ்சாலைகளில் குழந்தைகள் படும் பாட்டைப் பற்றி அவர் பேசினார். பம்பாய் ஆலை முதலாளிகள் உடனே, இது இங்கிலாந்தின் பஞ்சாலைப் பகுதியான லங்காஷயர்காரர்கள் நம் தொழிலை நசுக்கச் செய்யும் சதி என்றார்கள். லங்காஷயருக்கு அந்த ஆசை இருந்தது நிஜம். ஆனால் அதே லங்காஷயரோடுதான் அந்த மனிதர் தன் இளமை முழுதும் மோதியிருந்தார். பம்பாயிலேயே சொராப்ஜி ஷாபூர்ஜி பெங்காலி என்ற சீர்திருத்தக்காரர் இதே சட்டத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தார். 1881இல் வந்த முதல் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை விலக்கியது, ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுவரை ஒன்பது மணி நேரம் என்று வரம்பு கட்டியது. மிகவும் பலவீனமான சட்டம். இருந்தாலும் அதை எதிர்த்தவர்கள் கையில் எடுத்த ஆயுதம், உங்கள் கடிதத்தில் இருக்கும் அதே வாதம். அதனால்தான் இந்த வாதத்தை நாம் மிகக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். சொல்பவனின் வர்க்கத்தைக் காட்டிச் சொல்லப்பட்ட குழந்தையை மறக்கடிப்பது முதலாளிகளுக்கு எப்போதும் வசதியாக இருந்திருக்கிறது.

இனி உங்கள் பக்கம். ஓட்டுரிமை பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, அதை நான் என் கட்டுரையில் இருந்ததைவிட அழுத்தமாகவே சொல்வேன். 1832 சீர்திருத்தத்தை எதிர்த்தார், 1867இல் நகரத் தொழிலாளிகளுக்கு வாக்கு விரிவாகியபோது கலங்கினார். 1840இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் சோஷலிசத்தையும் சார்ட்டிசத்தையும் நாட்டில் உலவும் இரண்டு பெரிய பேய்கள் என்று எழுதினார். சார்ட்டிஸ்டுகள் கேட்டது எல்லா ஆண்களுக்கும் வாக்கு, ரகசிய வாக்கெடுப்பு போன்றவை. 1834இல் டார்செட்டின் டால்பட்டில் கிராமத்தில் கூலிக் குறைப்பைத் தாங்காமல் சங்கம் சேர்ந்த ஆறு விவசாயக் கூலிகளை, ரகசியச் சத்தியம் செய்தார்கள் என்று சொல்லி ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். அந்த மாவட்டத்தின் மக்களவை உறுப்பினர்களில் ஒருவர் ஆஷ்லி. அவர்களின் விடுதலைக்காக அவையில் முன்னின்றவர் ஃபின்ஸ்பரி உறுப்பினர் தாமஸ் வாக்லி. குழந்தை அழுதால் ஆஷ்லிக்குத் தூக்கம் வராது. அந்தக் குழந்தையின் அப்பன் நாலு பேரோடு சேர்ந்து வந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்டால் அவருக்குப் பயம் வரும். எனக்கு அவரிடம் உள்ள உண்மையான குறை இதுதான்.

இந்தக் குறை வெறும் கருத்தளவில் நிற்கவில்லை, காரியத்திலும் வெளிப்பட்டது. சுரங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்ட பெண்களை யாரும் கேட்கவில்லை. கூலி போயிற்று, மாற்று வேலையும் இல்லை. சிலர் பிறகு திருட்டுத்தனமாகத் திரும்பப் போய் இறங்கினார்கள். அதைவிடத் தெளிவானது 1850. பத்து மணி நேரச் சட்டம் வந்த பிறகு ஆலை முதலாளிகள் ஒரு தந்திரம் செய்தார்கள். பெண்களையும் இளைஞர்களையும் மாற்றி மாற்றி விட்டுவிட்டு வேலைக்கு எடுத்தார்கள். ஆலை காலையிலிருந்து இரவுவரை ஓடும். தொழிலாளி இடையிடையே சும்மா நிற்பான், ஆனால் வீட்டுக்குப் போக முடியாது. யார் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று எந்த இன்ஸ்பெக்டராலும் கணக்கெடுக்க முடியாது. 1850 பிப்ரவரியில் நீதிமன்றம் இந்த முறை சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் செத்துப்போன நிலை.

அப்போது அரசு ஒரு சமரசம் சொன்னது. வார நாட்களில் இடைவேளை போகப் பத்தரை மணி நேரம். ஆனால் காலை ஆறிலிருந்து மாலை ஆறு, அல்லது ஏழிலிருந்து ஏழு என்று எல்லோருக்கும் ஒரே நேரம், சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிய வேண்டும். ஆஷ்லி பத்திரிகைக்குக் கடிதம் எழுதி அதை ஏற்றுக்கொண்டார். வேலைநேரக் குறைப்புக் குழுக்கள், அதாவது அவரை இத்தனை வருடம் தலைவராக ஏற்று, ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கி, மனுக்கள் அனுப்பி, சாட்சிகளைத் திரட்டிக் கொடுத்த தொழிலாளர் குழுக்கள், கொந்தளித்தன. அவரைத் துரோகி என்றார்கள். அவர்கள் 1833க்கும் முன்பிருந்தே கேட்டது பத்து மணி நேரம், அந்த அரை மணியை அவர்களைக் கேட்காமல் விட்டுக்கொடுத்துவிட்டார்.

வேலை நேரத்துக்கு ஒரு தொடக்கமும் முடிவும் நிச்சயமானது பெரிய லாபம் என்றே எண்ணுகிறேன். மாலையில் ஆலையின் விளக்கு அணைந்தால் இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றே சட்டமீறலைக் கண்டுபிடித்துவிடலாம். சனிக்கிழமை மதிய ஓய்வு அங்கிருந்துதான் இங்கிலாந்து முழுதும் பரவியது. பேரம் மோசமானதல்ல. ஆனால் அதைப் பேசி முடிக்க அவருக்கு யார் உரிமை தந்தார்கள்? மான்செஸ்டரில் ஒரு கூட்டம் போட்டு, இதோ நிலைமை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தால் அவர்களே ஏற்றிருக்கலாம், அல்லது இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் பேரம் பேசியிருக்கலாம். கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அந்த அவசரத்தில் ஓர் ஓட்டையும் விழுந்தது. ஆறிலிருந்து ஆறு என்ற அந்தப் பன்னிரண்டு மணி நேர வரம்புக்குள் பெண்களும் இளைஞர்களும் வந்தார்கள், குழந்தைகள் வரவில்லை. அவர்களை அதிகாலையிலும் இரவிலும் இரண்டு தொகுதிகளாக வைத்து, பெரிய ஆண்களோடு ஆலையை ஓட்டினார்கள். குழந்தைகளையும் சேர்க்க அவர் கொண்டுவந்த திருத்தம் தோற்றது. 1853இல் உள்துறை அமைச்சராக இருந்த பாமர்ஸ்டன் கொண்டுவந்த சட்டம்தான் அதை அடைத்தது. பாமர்ஸ்டன் அவருடைய மாமியாரின் இரண்டாவது கணவர். அந்த மூன்று வருடங்களில் இருட்டில் எழுந்து ஆலைக்குப் போன பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் அந்தக் குழுக்களில்தான் இருந்தார்கள். அவரோ பேரத்தை அவர்களிடம் கொண்டுபோகவில்லை.